கோபுரமாக உளுந்து

பச்சரிசி ஒரு உழக்கு, தலைதட்டி.
அந்த அரிசியின் மேலேயே
உளுந்து, கோபுரமாக.
இவ்வளவுதான் எழுதியிருந்தேன்.
அடியில் ஒரு படம்: இலை நறுக்கில்
வெள்ளைப் பணியாரம் ஐந்து,
ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்ததுபோல்.
பக்கத்தில் வரமிளகாய்ச் சட்டினி.

நாலாம் நாள் தூத்துக்குடியிலிருந்து
பெர்னதெத் என்று ஒருத்தி.
'அக்கா, உங்க கோபுரம் எத்தனை கிராம்?'
கூடவே அவள் சுட்டதன் படம்.
பழுப்பேறி, எண்ணெய் குடித்து,
மழையில் நனைந்த வடகம் மாதிரி
தட்டில் படுத்துக் கிடந்தது.

காரைக்குடி கல்லுக்கட்டியில்
எண்ணூறு ரூபாய்க்கு ஒரு மின்தராசு வாங்கினேன்.
பள்ளத்தூருக்கு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்,
குலுங்கினால் பொய் சொல்லுமாம்.

திங்கள்கிழமை இருபத்தேழு.
செவ்வாய் முப்பத்தொன்று.
அதே உழக்கு, அதே கை.
புதனன்று கரண்ட் இல்லை,
வியர்த்த விரலில் பருப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.
இருபத்து நாலு.

வீட்டுக்காரர் முத்துக்கருப்பன், வங்கியில் கேஷியர்,
'நான் குவிச்சா ஒரே மாதிரி வரும்' என்றார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
உச்சியில் ஒவ்வொரு பருப்பாக ஏற்றி
நாற்பத்தொன்றில் நிறுத்தினார்.
சிலிண்டர் இறக்க வந்த ரகூபிடமும் கொடுத்துப் பார்த்தேன்.
ஒரே வீச்சு.
பத்தொன்பது, மீதி தரையில்.
'போதுமா ஆச்சி?'
(முப்பத்தெட்டு வயதில் இந்த ஊரில் நான் ஆச்சி.)

எல்லாவற்றையும் ஊறப்போட்டு
தனித்தனியாக ஆட்டினேன்.
ரகூபுடையது கடித்தால் தெறித்தது.
கேஷியருடையது உப்பலாகத்தான் எழும்பியது,
ஆனால் கால் சட்டி எண்ணெயைக் கொண்டுபோய்விட்டது.
அவர் இரண்டு தின்றுவிட்டு
ஏப்பத்தோடு பேச்சை மாற்றினார்.

பெர்னதெத்துக்கு என்ன சொல்ல?
அந்தப் படத்துக்கு முன்னால் ஏழு இருந்தன என்றா?
முதலாவது, எண்ணெய் காயுமுன்.
இரண்டாவதைத் திருப்பும்போது கரண்டி கிழித்தது.
மூன்றாவது ஊற்றும்போது யாரோ வாசல்மணி அடித்தார்கள்.
அந்தத் தட்டை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான்
ஜன்னல் வெளிச்சத்துக்கு இலையை நகர்த்தினேன்.
ஆட்டும்போது மூன்று தரம் தண்ணீர் தெளித்தேன்,
ஒரு தரம் என்று எழுதினேன்.
அரிசி போன வருஷத்து அரிசி,
அதையும் சொல்லவில்லை.
எழுத உட்காருமுன் கையைக் கழுவியிருந்தேன்.
அதனால்தான் அவ்வளவு சுத்தமாக இருந்தது அது.

உட்கார்ந்து திருத்தினேன்.
'இருபத்தேழு கிராம்' என்று போட்டு, அடித்து,
'இருபத்து நாலிலிருந்து முப்பத்தொன்று' என்று போட்டு,
அதுவும் ரேஷன் கார்டு மாதிரி இருக்கவே,
கடைசியில் இப்படி:
முதலில் ஒன்றே ஒன்று ஊற்று.
எண்ணெய் குடித்தால் ஒரு ஸ்பூன் அரிசிமாவு.
அப்பளமாய்ப் பரந்தால் தண்ணீர் கூடிவிட்டது.
சிவக்குமுன் எடு. பயந்து சீக்கிரம் எடுத்தால்
நடுவில் பச்சை வாசம் அடிக்கும்.
முதல் மூன்றை நீயே தின்றுவிடு.
ஏழின் கதையையும் சேர்த்தேன்.
கிழிந்ததன் படம் என்னிடம் இல்லை.

நேற்று அவளிடமிருந்து இன்னொரு படம்.
வெளுப்பு சரி. ஒரு பக்கம் சுருக்கு விழுந்திருக்கிறது,
மறுபக்கம் பிய்ந்திருக்கிறது.
'அஞ்சாவது' என்று கீழே எழுதியிருந்தாள்.
தொட்டுக்கொள்ள, நான் சொல்லாத ஒன்று:
மாசிச் சம்பல்.
பணியாரத்துக்கு மாசியா! என் மாமியாருக்குத் தெரிந்தால்
எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிடுவார்.
இரவு படுத்த பிறகும் நாக்கு அதையே நினைத்துக்கொண்டிருந்தது.

காலையில் ரகூபுக்குப் போன் போட்டேன்,
தொண்டிப் பக்கம் அவனுக்கு ஆளுண்டு.
மாசிக் கருவாடு கிடைக்குமா?
'கெடைக்கும் ஆச்சி. எவ்வளவு?'

இரு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.